மலடாக்குவது பாதி வேலை: வீரிய ஒட்டுக் கோதுமை குறித்து நீலகிரி உழவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளென்மார்கன், சோலூர், எப்பநாடு, கேத்தி வட்டாரங்களின் தேயிலைச் சிறு விவசாயிகளுக்கும், மலைக்காய்கறி பயிரிடும் உழவர் பெருமக்களுக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,



தேயிலையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பிழைப்பாகிவிட்ட மலையில் கோதுமையைப் பற்றி மடல் வரைவது பொருத்தமற்றதாகத் தோன்றக்கூடும். ஆயினும் படுகர் ஊர்களின் சரிவுகளில் ராகி, சாமை, பார்லி ஆகியவற்றோடு கோதுமையும் விளைந்த காலம் தொலைவில் இல்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் 1950களிலிருந்து கோதுமைக்காகவே இயங்கி வருகிறது. அங்கு உருவான சம்பா கோதுமை வகைகள் தமிழக வயல்களை எட்டியுள்ளன. நெல், சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றில் வீரிய ஒட்டு விதை வேரூன்றிவிட்ட நாட்டில் கோதுமைக்கும் அது வரவேண்டும் என்ற முயற்சி பல ஆண்டுகளாக நடைபெறுவதால், அதன் விதையை வாங்கச் சொல்லியோ, அவ்விதையை இம்மலையில் உற்பத்தி செய்து தரச் சொல்லியோ அழைப்பு வரும் நாளுக்கு உழவர்கள் ஆயத்தமாக இருப்பது நல்லது. ஆண்மலட்டுத்தன்மையை உண்டாக்குவது வீரிய ஒட்டுக் கோதுமையில் பாதி வேலை மட்டுமே என்பதும், மறு பாதியாகிய வளமீட்பைச் சோதித்தறிய நீலகிரி ஏற்ற இடமாயினும் விதையைப் பெருக்கி விற்பதற்கு ஏற்ற இடம் அன்று என்பதும் இம்மடல் முன்வைக்கும் கருத்துகளாகும்.

வீரியமுள்ள ஒரு செடியின் குணத்தை அடுத்த தலைமுறைக்குச் சிதறாமல் கொண்டுசெல்லும் வழிகள் பயிருக்குப் பயிர் வேறுபடுகின்றன என்பதை இம்மலையின் தோட்டங்களே காட்டுகின்றன. தேயிலையில் நல்ல தாய்ப்புதரின் ஓரிலைத் துண்டை நாற்றங்காலில் வேர்விடச் செய்து, அப்புதரின் நேர்ப்படியான செடிகளை எத்தனை வேண்டுமானாலும் பெறலாம். உருளைக்கிழங்கில் கிழங்கே விதையாகி அப்பணியைச் செய்கிறது. கேரட்டிலும் முட்டைக்கோசிலும் அவ்வாறு செய்ய இயலாததால், இரண்டு தூய பெற்றோர் வரிசைகளைக் கலந்து கிடைக்கும் முதல் தலைமுறை விதையையே உழவர் ஒவ்வொரு முறையும் டப்பாவில் வாங்குகிறார். கோதுமையும் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்ததே என்றாலும், கேரட்டில் எழாத ஒரு சிக்கல் அதில் எழுகிறது. அதனை விளங்கிக்கொள்ளக் கோதுமைப் பூவின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

கோதுமைப் பூ ஒவ்வொன்றிலும் மூன்று மகரந்தப்பைகளும் இறகு போன்ற சூலகமுடியும் ஒரே உமிக்குள் அடங்கியிருக்கின்றன; உமி விரிவதற்கு முன்னரோ விரியும் தறுவாயிலோ மகரந்தப்பைகள் வெடித்துத் தன் பூவின் சூலகத்தையே கருவுறச் செய்துவிடுவதால், அயல் செடியின் மகரந்தத்தால் கருவுறுதல் பொதுவாக நூற்றுக்கு ஒன்றையும் எட்டுவதில்லை. கலப்பு செய்ய விரும்பும் ஆய்வாளர் கதிரின் ஒவ்வொரு பூவிலும் மூன்று மகரந்தப்பைகளையும் இடுக்கியால் அகற்றி, தாள் உறையிட்டு மூடி, பின்னர் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூவுகிறார். ஆய்வுப் பாத்திக்கு இம்முறை போதுமானது. ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிலோ விதை கேட்கும் பயிருக்குக் கைவேலையால் விதை தர எவராலும் இயலாது. ஆகவே மகரந்தத்தைத் தானே தோற்றுவிக்காத, ஆனால் சூலகம் நலமாக உள்ள தாய்ச்செடி தேவைப்படுகிறது. அத்தன்மையே ஆண்மலட்டுத்தன்மை எனப்படுகிறது.

இத்தன்மையைத் தரும் வழிகளுள் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவருவது சைட்டோபிளாச ஆண்மலட்டுத்தன்மை ஆகும். உயிரணுவின் உட்கருவைச் சூழ்ந்துள்ள சைட்டோபிளாசத்தில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. அவற்றுக்குச் சொந்தமான சிறிய மரபணுத் தொகுதி தாய்வழியாக மட்டுமே சந்ததிக்குச் செல்கிறது. ஓர் இனத்தின் சைட்டோபிளாசத்துக்குள் வேறோர் இனத்தின் உட்கரு குடியேற்றப்படும்போது இரண்டுக்கும் இடையிலான ஒத்திசைவு குலைந்து, மகரந்தம் உருவாகும் கட்டத்தில் அக்குலைவு வெளிப்படுகிறது. சப்பானிய அறிஞர் கிஹாரா 1951இல் கோதுமையின் காட்டு உறவான ஒரு புல்லின் சைட்டோபிளாசத்தைக் கொண்டு இதனை முதலில் நிறுவினார். பயன்பாட்டுக்கு ஏற்ற வடிவம் 1962இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் வில்சனும் ராசும் டிரிட்டிகம் டிமோஃபீவி என்ற கோதுமை இனத்தின் சைட்டோபிளாசத்தைப் பயன்படுத்தியபோது கிடைத்தது. ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த இந்த இனம் தன்னளவில் முழு வளத்துடன் விளைகிறது, ஏனெனில் மலட்டுத்தன்மைக்குக் காரணமான கூறு அதன் சைட்டோபிளாசத்தில் இருப்பது போலவே அதனை அடக்கும் மரபணுக்கள் அதன் உட்கருவிலேயே உள்ளன. உலகெங்கும் பல கோதுமை வகைகளில் புகுத்தப்பட்ட, தண்டுத் துருநோயை எதிர்க்கும் எஸ்ஆர் 36 என்ற மரபணுவும் இந்த இனத்தின் கொடையே.

மலட்டுத் தாயை ஆண்டுதோறும் பெருக்குவதற்கும் அதிலிருந்து வணிக விதையைப் பெறுவதற்கும் மூன்று வரிசைகள் தேவைப்படுகின்றன. மலட்டுச் சைட்டோபிளாசம் கொண்ட தாய் 'ஏ' வரிசை. அதே உட்கருவை வளமான சைட்டோபிளாசத்தில் கொண்டு, தாய்க்கு மகரந்தம் அளித்து மீண்டும் மலட்டுச் சந்ததியையே பெறச் செய்வது 'பி' என்னும் பராமரிப்பு வரிசை. மலட்டுத்தன்மையை அடக்கும் மரபணுக்களை உட்கருவில் கொண்ட தந்தை 'ஆர்' என்னும் வளமீட்பு வரிசை. நல்லதொரு கோதுமை வகையை 'ஏ' வரிசையாக மாற்ற, அதனோடு ஆறேழு தலைமுறைகள் திரும்பத் திரும்பக் கலப்பு செய்ய வேண்டும். சமவெளியில் ஆண்டுக்கு ஒரு பருவமே கிடைக்கும் நிலையில், கோடையிலும் மழைக்காலத்திலும் கோதுமை விளையும் வெலிங்டனும் இமாசலப் பிரதேசத்தின் தலாங் மைதானும் நாட்டின் கோதுமை ஆய்வாளர்களுக்குப் பருவமல்லாப் பருவ நாற்றங்கால்களாக அமைந்து, அவ்வேலையின் காலத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க உதவுகின்றன.

இவ்விடத்தில்தான் கேரட்டும் கோதுமையும் பிரிகின்றன. வீரிய ஒட்டுக் கேரட் விதையின் உற்பத்திக்கும் சைட்டோபிளாச ஆண்மலட்டுத்தன்மையே அடிப்படையாக உள்ளது. முட்டைக்கோசில் முள்ளங்கியிலிருந்து பெறப்பட்ட ஒகுரா சைட்டோபிளாசம் அப்பணியைச் செய்கிறது. எனினும் கேரட்டில் வேரும் முட்டைக்கோசில் இலைக்கட்டும் அறுவடையாவதால், தோட்டத்தில் நிற்கும் செடி மலடாக இருந்தாலும் உழவருக்கு ஓர் இழப்பும் இல்லை. அச்செடி பூப்பதற்கு முன்பே சந்தைக்குச் சென்றுவிடுகிறது. கோதுமையில் அறுவடையாவது மணி. மலட்டுத் தாயின் சைட்டோபிளாசம் உழவரின் வயலில் நிற்கும் ஒவ்வொரு செடிக்கும் வந்து சேர்வதால், தந்தை வரிசை கொடுத்த வளமீட்பு மரபணுக்கள் அச்செடிகளில் மலட்டுத்தன்மையை முற்றாக அடக்கினால் மட்டுமே கதிர் நிறைய மணி பிடிக்கும். அடக்குதல் குறைந்த அளவுக்குக் கதிரில் பூக்கள் வெறுமையாக நிற்கும். ஆகவே வீரிய ஒட்டுக் காய்கறி விதையோடு பழகிய உழவர் அதே அளவுகோலால் கோதுமை விதையை மதிப்பிட்டால் ஏமாற்றம் அடைய நேரும்.

வளமீட்பு மரபணுக்கள் 'ஆர்எஃப்' என்ற குறியீட்டால் எண்ணிடப்பட்டு, கோதுமையின் வெவ்வேறு குரோமோசோம்களில் இடம் காட்டப்பட்டுள்ளன. முதலாவது 1ஏ குரோமோசோமிலும் மூன்றாவது 1பி குரோமோசோமிலும் உள்ளன. டிமோஃபீவி மலட்டுத்தன்மைக்குக் காரணமான மைட்டோகாண்ட்ரியா மரபணு 'ஓஆர்எஃப் 279' என்பதும், ஆர்எஃப் 1, ஆர்எஃப் 3 ஆகியவை ஆக்கும் புரதங்கள் அம்மரபணுவின் செய்தி இழையைப் பற்றித் துண்டிக்கச் செய்வதால் வளம் மீள்கிறது என்பதும் 2021இல் வெளியான ஆய்வில் தெளிவாயின. செயல்முறை விளங்கிவிட்ட போதிலும், ஒரே மரபணுவைக் கொண்ட தந்தை வரிசை பெரும்பாலும் முழு வளத்தைத் தருவதில்லை. இரண்டோ மூன்றோ ஒருங்கே சேர வேண்டியிருப்பதோடு, தாயின் மரபுப் பின்புலமும், கதிர் உருவாகும் காலத்து வெப்பநிலையும் பகல் நீளமும் வளமீட்பின் அளவை ஏற்றியிறக்குகின்றன. ஓரிடத்தில் கதிர் நிறைய மணி பிடித்த விதை வேறோரிடத்தில் குறைமணிக் கதிரைத் தரக்கூடும். சிங்காராப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் மூடுபனியும் குளிர்ந்த இரவுகளும் கொண்ட கிளென்மார்கன் போன்ற உயரங்களில் வளமீட்பு நிலைத்து நின்றால், அவ்வரிசையின் உறுதியைப் பற்றி ஓரளவு நம்பிக்கை கொள்ளலாம். அவ்வகையில் இம்மலை ஒரு கடும் தேர்வுக்களமாகிறது.

அத்தேர்வை நடத்த ஆய்வகம் தேவையில்லை. கதிர் வெளிவந்து பூ விரிவதற்கு முன்பாகவே சில கதிர்களை வெண்ணெய்த்தாள் உறையால் மூடிக் கட்டி, முற்றியபின் ஒவ்வொரு கதிரிலும் பிடித்த மணிகளை எண்ணி, அருகே பயிரிட்ட வழக்கமான வகையின் உறையிட்ட கதிர்களோடு ஒப்பிட வேண்டும். உறையிடாமல் எண்ணினால், பக்கத்து வளமான செடியின் மகரந்தம் காற்றில் வந்து மலட்டுப் பூவையும் கருவுறச் செய்து, வளமீட்பு நிறைவானது போலக் காட்டிவிடக்கூடும். அறுவடை மணியை அடுத்த ஆண்டு விதையாக வைத்துக்கொள்ளும் வழக்கமும் இங்கு கைகொடுக்காது. அடுத்த தலைமுறையில் வளமீட்பு மரபணுக்கள் பிரிந்துபோவதால், ஒரே மரபணு முழுமையாகச் செயல்படும் எளிய நிலையில்கூட ஏறத்தாழ நான்கில் ஒரு செடி மலடாக நிற்கும்.

வளமீட்பும் நோய் எதிர்ப்பும் ஒன்றையொன்று தள்ளும் இடமும் உண்டு. ரை தானியத்தின் ஒன்றாம் குரோமோசோமின் குறுங்கை, கோதுமையின் 1பி குரோமோசோமின் குறுங்கைக்கு மாற்றாகப் பல நாடுகளின் வகைகளில் இடம்பெற்றுள்ளது. தண்டுத் துருவை எதிர்க்கும் எஸ்ஆர் 31 மரபணு அதிலேயே உள்ளது. 1995இல் வெளியிடப்பட்டு வட இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்பட்ட பிபிடபிள்யூ 343 வகையும் அதனைக் கொண்டது. ஆர்எஃப் 3 இருப்பதோ, அவ்வாறு நீக்கப்பட்ட அதே குறுங்கையில். எனவே ரையின் துண்டை 1பி குரோமோசோமின் இரு படிகளிலும் தாங்கிய தந்தை வரிசையில் அந்த மரபணு இயல்பாக அமைய வழியில்லை. ஆய்வாளர் ஒன்றை விட்டு ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும், அல்லது வேறு துரு எதிர்ப்பு மரபணுக்களைத் தேட வேண்டும். உகாண்டாவில் 1990களின் இறுதியில் தோன்றிய யுஜி 99 என்ற தண்டுத் துரு இனம் எஸ்ஆர் 31ஐ முறியடித்த பின்னர் அத்தேடல் இன்னும் தேவையாயிற்று. துருநோய்களும் சாம்பல் நோயும் இயற்கையாகவே தாக்கும் நீலகிரியில் வளமீட்பு வரிசைகளைத் தேர்வு செய்தால், மணி பிடிப்பையும் நோய் எதிர்ப்பையும் ஒரே பாத்தியில் சோதிக்கலாம்.

இதுவரை கூறியவை இம்மலைக்கு ஆய்வில் உள்ள இடத்தைக் காட்டுகின்றன. விதை உற்பத்தியைப் பொறுத்தவரை முடிவு வேறாகிறது. மலட்டுப் பூ தன் மகரந்தம் கிடைக்காததால் உமியை விரித்தபடியே பல நாள் காத்திருக்கிறது. அயல் மகரந்தம் நுழைவதற்கு உதவும் அத்திறப்பு, எர்காட் பூஞ்சையும் கரிப்பூட்டை நோயும் நுழைவதற்கும் உதவுகிறது. எர்காட் மலட்டுப் பூக்களை எளிதில் பற்றும் என்பது உலகறிந்தது; மருந்துக்காக அப்பூஞ்சையை வளர்ப்போர் ஆண்மலட்டு ரையை விரும்பிப் பயிரிட்டதற்கும் அதுவே காரணம். பேற்றுக்குப் பின் நேரும் குருதிப்போக்கை நிறுத்தும் மருந்து எர்காட்டிலிருந்து கிடைத்ததால், 1940களில் நீலகிரியிலேயே ரைப் பயிரில் அது வளர்க்கப்பட்டது. இம்மலையின் குளிரும் ஈரமும் அப்பூஞ்சைக்கு எவ்வளவு இசைவானவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அதே குளிரும் ஈரமும் கோதுமையின் குறுகிய ஆயுள் கொண்ட, கனத்த மகரந்தம் தந்தை வரிசையிலிருந்து தாய் வரிசைக்குக் காற்றில் பறந்து செல்வதையும் தடுக்கின்றன. வீரிய ஒட்டு விதை வயலுக்குப் பூக்கும் நாள்களில் வறண்ட காற்றும் வெயிலும் வேண்டும்.

இன்னும் கனமான காரணம் துருநோயின் வரலாற்றில் உள்ளது. சமவெளிக் கோடையின் வெப்பத்தில் துருப்பூஞ்சையின் வித்துகள் உயிர்தரிப்பதில்லை என்பதையும், துருப்பூஞ்சையின் மாற்று ஊட்டுச்செடியான பார்பெரிக்கு இந்தியாவில் அந்நோயின் பரவலில் குறிப்பிடத்தக்க பங்கு இல்லை என்பதையும், மலைகளில் கோடையிலும் நிற்கும் கோதுமையே நோயைத் தாங்கிவைத்து அடுத்த பருவத்தில் சமவெளிக்கு அனுப்புகிறது என்பதையும் ஆக்ரா கல்லூரியின் கே. சி. மேத்தா 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் நிறுவினார். தண்டுத் துருவுக்கு நீலகிரியும் பழனி மலையுமே மூலம் என்பதும், வங்கக் கடலின் புயல் காற்றுகள் அவ்வித்துகளை நடு இந்தியா வரை கொண்டுசெல்கின்றன என்பதும் அவரைத் தொடர்ந்த ஆய்வாளர்களால் விளக்கப்பட்டன. எனவே இம்மலையில் பருவமல்லாப் பருவத்தில் கோதுமைப் பரப்பு பெருகினால் அதன் விளைவு நீலகிரி எல்லைக்குள் நிற்பதில்லை. வெலிங்டன் பாத்திகளிலும் அப்பருவத்தில் கோதுமை நிற்கிறதே என்ற கேள்வி நியாயமானதே. சிறு பரப்பில் நோயைக் கண்காணிப்பதற்கென்றே நடத்தப்படும் ஆய்வுக்கும், விலைக்காக நூற்றுக்கணக்கான ஏக்கரில் நோயெளிய மலட்டுத் தாய் வரிசையை நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடே அதற்கு விடை. உருளைக்கிழங்கின் பொன்னிற நூற்புழு 1961இல் இங்கு கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, நீலகிரியின் விதைக்கிழங்கு வெளியே செல்வதற்குத் தடை ஏற்பட்டதை மலை உழவர்கள் அறிவார்கள். நோயின் பெயரால் ஒரு வட்டாரத்தின் விதைச் சந்தை மூடப்பட்டால் அதனை மீண்டும் திறப்பது எளிதன்று.

ஒரே சைட்டோபிளாசத்தை நாடு முழுதும் பரப்புவதன் ஆபத்தையும் கருத வேண்டும். அமெரிக்க மக்காச்சோளத்தின் பெரும்பகுதி 'டெக்சாஸ்' எனப்படும் ஒரே மலட்டுச் சைட்டோபிளாசத்தில் நின்ற 1970ஆம் ஆண்டில், இலைக்கருகல் பூஞ்சையின் ஓர் இனம் அந்தச் சைட்டோபிளாசத்தின் மலட்டுக் கூறையே தாக்குதலின் வாயிலாகக் கொண்டு, நாட்டு விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை அழித்தது. இந்தியாவில் 1965இல் வெளியான எச்பி 1 தொடங்கிய வீரிய ஒட்டுக் கம்பு வகைகள் டிஃப்ட் 23ஏ என்ற ஒரே தாய் வரிசையைச் சார்ந்திருந்து, 1970களில் அடிச்சாம்பல் நோயால் சரிந்தன. அங்கு குற்றம் சைட்டோபிளாசத்தினுடையது அன்று, ஒரே தாயின் உட்கரு எங்கும் பரவியதனுடையது என்பது பின்னர் தெரிந்தது. காரணங்கள் வேறானாலும், தாய் வரிசைகளில் பன்மை வேண்டும் என்பதையே இரு நிகழ்வுகளும் கற்பிக்கின்றன.

விதை விலையைப் பற்றிய கணக்கு எளியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994இல் கோஆர்எச் 1 என்ற வீரிய ஒட்டு நெல்லை வெளியிட்டது. நெல்லில் நாற்று நடுவதால் ஹெக்டேருக்கு 15 முதல் 20 கிலோ விதை போதுமாகிறது. நேரடியாக விதைக்கும் கோதுமைக்கு அதைப் போல் ஐந்து மடங்கு தேவை. கோதுமையில் கலப்பின வீரியத்தால் கிடைக்கும் கூடுதல் விளைச்சலோ ஏறத்தாழ 10 விழுக்காட்டளவில் நிற்கிறது. இந்தியாவில் மஹிகோ நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் பிரதம் என்ற பெயரில் வீரிய ஒட்டுக் கோதுமைகளை வெளியிட்டும் அவை பரவலாக நிலைபெறாமற்போனதையும், ஐரோப்பாவில் மரபணு வழியை விட்டு மகரந்தத்தை அழிக்கும் வேதிப்பொருள் தெளித்தே பெரும்பாலான வீரிய ஒட்டுக் கோதுமை விதை உற்பத்தி செய்யப்பட்டதையும் இக்கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். மலட்டுத் தாயில் மணி பிடிப்பு உயர்ந்தால் விதை விலை இறங்கும். வளமீட்பு நிறைவானால் கூடுதல் விளைச்சல் உழவரின் களத்துக்கு வரும். இரண்டும் ஒருங்கே அமையாத வரை கணக்கு உழவருக்குச் சாதகமாக முடியாது.

ஆகவே வீரிய ஒட்டுக் கோதுமையோடு எவர் வந்தாலும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று செய்திகளை எழுத்தில் பெற வேண்டும்: உறையிட்ட கதிர்களில், குறைந்தது இரண்டு பருவங்களில், இம்மலையிலேயே அளக்கப்பட்ட மணி பிடிப்பு வழக்கமான வகையோடு ஒப்பிட எவ்வளவு என்பது, தாய், தந்தை வரிசைகள் தண்டுத் துரு, இலைத் துரு, எர்காட் ஆகியவற்றுக்கு எவ்வாறு நின்றன என்பது, கதிர்கள் குறைமணியாக நின்றால் இழப்பை ஏற்பவர் யார் என்பது. வளமீட்பு வரிசைகளைச் சோதிக்க ஆய்வு நிலையம் சில சென்ட் நிலம் கேட்டால் கொடுப்பதால் நாட்டுக்கும் மலைக்கும் நன்மை உண்டு. ஏக்கர் கணக்கில் தாய் வரிசையை விதை உற்பத்திக்காகப் பயிரிடக் கேட்டால், எவ்வளவு விலை சொன்னாலும் மறுப்பதே தங்கள் வட்டாரத்துக்கும் சமவெளியின் கோதுமை வயல்களுக்கும் பாதுகாப்பாகும். தன் தேவைக்குச் சிறிது கோதுமை விதைக்க விரும்பும் குடும்பத்துக்கோ, விதையை ஆண்டுதோறும் எடுத்து வைத்துக்கொள்ளத்தக்க, துருநோய் எதிர்ப்புள்ள சம்பா கோதுமை இருக்கவே இருக்கிறது. அதனைச் சமவெளியில் கோதுமை நிற்கும் குளிர்காலப் பருவத்தோடு ஒட்டி விதைப்பதே முறை.


கிளென்மார்கன், நீலகிரி